ஸ்வெட்டருக்குக் காய்ச்சல்

"இன்னியோட உன் ஆராய்ச்சி முடியுதில்ல? நாளைக்கு அந்த ஸ்வெட்டரைப் பழைய துணிக்காரர்கிட்ட போட்டுடணும்" என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்தபடியே.

"அது அம்மாவோடதுப்பா."

"விட்டுட்டுப் போனதுதானே? வேணும்னா எடுத்துட்டுப் போயிருப்பா."

எட்டாம் வகுப்பு மகள் பையை மாட்டிக்கொண்டாள்.

அம்மா கோபித்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய் ஏழு மாதம். அப்பா ஒருநாள்கூட அவள் பேச்சை எடுத்ததில்லை.

ஞாயிறுதோறும் அம்மா போனில் கேட்பாள். "உங்கப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாராடி?"

"இல்லம்மா."

"கேக்க மாட்டார். கல்லு."

'வந்துடேம்மா' என்று சொல்ல நினைத்து, சொல்லாமலே மகள் போனை வைத்துவிடுவாள்.

பள்ளி விட்டு வந்ததும் அலமாரியைத் திறந்து அந்த ஸ்வெட்டரில் முகம் புதைத்துக்கொள்வாள். பல நாள் கதகதவென்று இருக்கும். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் வாயை விட்டாள்.

"கம்பளிக்குன்னு சொந்தச் சூடு கிடையாது. நம்ம உடம்புச் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான்" என்றார் அறிவியல் டீச்சர்.

"எங்கம்மா ஸ்வெட்டர் சும்மாவே சூடா இருக்கும், டீச்சர்."

வகுப்பே சிரித்தது.

"அப்படியா? தெர்மாமீட்டர் தரேன். ரெண்டு வாரம் அளந்துட்டு வா."

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்வெட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டையும் மடித்து வைத்து, பள்ளி நாள்தோறும் மாலை நாலரைக்கு இரண்டையும் அளந்தாள். இன்று வெள்ளி, கடைசி நாள். நேற்று வரையிலான அட்டவணையைப் பார்த்த டீச்சரின் புருவம் உயர்ந்தது.

அந்த மலையூர்க் குளிரில் துண்டு, இரண்டு வாரமும் இருபத்தொரு டிகிரி. ஸ்வெட்டர், முதல் வாரம் இருபத்தாறு, இருபத்தேழு. இந்த வாரம் வெறும் இருபத்தொன்று.

"ஏம்மா, போன வாரம் உங்க ஸ்வெட்டருக்குக் காய்ச்சலா?"

"சத்தியமா நான் எதையும் மாத்தி எழுதலை, டீச்சர்."

"அப்போ ரெண்டு வாரத்துக்கு நடுவுல வேற ஏதோ மாறியிருக்கு. அது என்னன்னு தெரியாம முடிவு எழுதக் கூடாது."

மாலை, வீட்டைத் திறந்து உள்ளே வந்தாள். ஸ்வெட்டர் இன்றும் ஜில்லென்று இருந்தது. இருபத்தொன்று.

என்ன மாறியது? அதே அலமாரி. அதே துண்டு. அதே தெர்மாமீட்டர்.

மேஜைமேல் சாவி கிடந்தது. போன வாரம் சாவிக்கே வேலையில்லை. அச்சகத்தில் அப்பாவுக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கே வீடு வந்துவிடுவார். இந்த வாரம் மதிய ஷிப்ட். அவர் வர ராத்திரியாகிவிடுகிறது.

போன வாரம் இவள் மணி அடித்தால் கதவு திறக்க நேரமானது. உள்ளே அலமாரி சாத்தும் சத்தம் கேட்டது. "கண் அசந்துட்டேம்மா" என்பார் அப்பா. கண்கள் சிவந்திருக்கும்.

மகள் நோட்டை எடுத்தாள். அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள்: 'வீட்டில் இருந்தவர்'. முதல் வாரம் முழுக்க 'அப்பா' என்று எழுதினாள். இரண்டாம் வாரம் முழுக்க 'யாருமில்லை'.

கீழே இரண்டே வரியில் முடிவை எழுதி, டீச்சருக்குக் காட்டுவதற்கு முன்னால், வீட்டிலிருந்த பழைய போனில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

'முடிவு: கம்பளிக்குச் சொந்தச் சூடு கிடையாது. நான் பள்ளியிலிருந்து வரும்வரை அப்பா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.'