எல்லாத்துக்கும் அஞ்சு

"இதை எழுதினது யாரு? எழுந்திருங்க."

டீன் நெஜ்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார். உயிரியல் வகுப்பு எப்படி இருக்கிறது என்று முப்பது கேள்விகள். பெயர் போட வேண்டாம், ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட்டால் போதும். ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போட்டிருந்தார்கள். ஒரே ஒரு தாளில் மட்டும் முப்பதுக்கும் ஒன்று. அடியில் கொட்டை எழுத்தில் சில வரிகள். டீன் வாசித்தார்.

"'இந்த அறையில் உயிரியல் செத்துக் கிடக்கிறது. நுண்நோக்கிகள் எட்டு வருஷமாகப் பூட்டின அலமாரியில். இங்கிருந்து போகிறவர்கள் பிள்ளைகளுக்கும் வெறுப்பைத்தான் ஊட்டுவார்கள்.' இதை எழுதின ஆள் இந்த வருஷம் பள்ளிக்கூடப் பயிற்சிக்குப் போக முடியாது."

பயிற்சி இல்லையென்றால் வேலை இல்லை. எல்லார் கண்ணும் ஹவ்வா மேல் விழுந்தது. வகுப்பில் கொட்டாவி விடுகிறவள் அவள்தான்.

"உன் வேலைதானேடி?" பக்கத்திலிருந்த துர்னா கிசுகிசுத்தாள்.

"எனக்கென்ன கிறுக்கா? நானும் அஞ்சுதான் போட்டேன்."

பாடம் நடத்தும் யாக்கூப் ஹோஜா தொண்டையைச் செருமினார். "டீன் ஐயா, அது வந்து..."

போட்டுக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தாள் ஹவ்வா.

"நீங்க இருங்க ஹோஜா. உங்க மானம்தான் போகுது. அவங்களே சொல்லட்டும்."

ஹவ்வா எழுந்தாள்.

"நான் எழுதலை. ஆனா எழுதியிருக்கணும். பயந்துக்கிட்டு அஞ்சு போட்டேன். ஒரு இலையைக்கூடத் தொட்டுப் பார்க்காம மூணு வருஷம் ஓட்டிட்டேன். எந்த மூஞ்சியோட பிள்ளைங்க முன்னாடி நிப்பேன்?"

துர்னாவும் எழுந்தாள். "நான் போட்டதும் பொய்தான்."

பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை.

டீன் யாக்கூபிடம் திரும்பினார். "எதுக்குய்யா பூட்டி வெச்சிருக்கீங்க?"

"பதிவேட்டுல எல்லாம் என் பேர்ல இருக்கு. ஒரு கண்ணாடி உடைஞ்சாலும் என் சம்பளத்துல பிடிப்பாங்க. கல்லூரி பேருக்கு மாத்துங்கன்னு ஆறு தடவை உங்களுக்கு எழுதினேன். பதில் வரலை."

டீன் முகம் சிவந்தது. பதிவேட்டை அங்கேயே வரவழைத்தார். கையெழுத்துப் போட்டார். வந்த வேகத்தில் போனார்.

அலமாரி திறந்தது. துர்னாவின் மதிய ரொட்டியிலிருந்து ஒரு வெங்காயத் துண்டு வந்தது. அதன் மெல்லிய தோலை உரித்து நுண்நோக்கியில் வைத்துவிட்டுக் குனிந்தாள் ஹவ்வா. செங்கல் செங்கலாக அடுக்கிய சுவர். ஒவ்வொரு செங்கலுக்குள்ளும் ஒரு புள்ளி.

"தள்ளுடி, வீடா கட்டறே?"

"இது என் முறை. சாயங்காலம் வரைக்கும் என் முறைதான்."

மணி அடித்தும் ஒருத்தரும் நகரவில்லை.

கடைசியில், டீன் விட்டுப்போன தாள்களை ஹவ்வா எண்ணி அடுக்கினாள். "ஹோஜா, நாங்க இருபத்தொரு பேர்தானே? இருபத்திரண்டு தாள் இருக்கே."

யாக்கூப் ஹோஜா அந்த ஒன்றுகள் போட்ட தாளை மட்டும் உருவி, மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அது என்னோடதும்மா."