கை நழுவிடுச்சு

"பாத்தியா நைனா, மறுபடியும் கேக்கறான்!" ஸ்ரீஹரி செல்போனைத் தூக்கிக் காட்டினான்.

அப்பா சின்னசாமிக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை. மாந்தோப்பில் கிளை குத்தி இடது கண் போன வருஷமே போய்விட்டது. மிச்சம் இருந்த வலது கண்ணில் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் அதற்கு ஆபரேஷன்.

"இன்னாடா கேக்கறான்?"

"வச்ச காயைத் திரும்ப எடுத்துக்கறானாம். மொதல்ல குதிரை, அப்புறம் யானை. போனாப் போவுதுன்னு விட்டேன். இப்ப ராணியையே கொண்டாந்து என் சிப்பாய் வாயில வச்சிட்டு, 'செய்யி ஜாரிந்தி அண்ணா'ங்கறான். கை நழுவிடுச்சாம். ஒருத்தனுக்கு எத்தினி வாட்டி நழுவும்?"

திருப்பதி வட்டாரத்து ஆட்டக்காரர்கள் மட்டுமே இருக்கும் ஆன்லைன் செஸ் குழு அது. யாரும் சொந்தப் பெயரில் ஆடுவதில்லை. இவன் 'நகரி புலி'. எதிராளி 'கருடா'.

"குடுத்துடேன், பாவம். யாரு பெத்த புள்ளயோ."

"மாட்டேன் நைனா. வச்சா வச்சதுதான். திரும்ப எடுத்துக்கலாம்னு நெனச்சிக்கினே ஆடறவனுக்குக் கை நழுவிக்கினேதான் இருக்கும்."

"என் கண்ணும் அப்படித்தானடா. இன்னிக்கு ஒருவாட்டிதான்" என்றார் சின்னசாமி.

ஸ்ரீஹரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அது சில்லென்று இருந்தது.

நர்ஸ் பிரீத்தி எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர், டாக்டர் இன்னும் வரலியா?"

"ரூம்லதான் இருக்காரு அண்ணா. ஆபரேஷனுக்கு முன்னாடி கதவைச் சாத்திக்கினு தனியா உக்காருவாரு. அந்த நேரத்துல யாரும் தட்டக் கூடாது. மனசை ஒரு நெலைக்குக் கொண்டு வர்றாராம்."

சின்னசாமி கண்ணை மூடியபடியே கைகூப்பினார். "டாக்டர்னா அப்படி இருக்கணும்மா. மனசு நெலையா இருந்தாத்தானே கை நெலையா நிக்கும்!"

அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. ஸ்ரீஹரிக்கும் மூச்சு சீரானது.

செல்போன் மறுபடி அதிர்ந்தது. 'ப்ளீஸ் அண்ணா. கடைசி வாட்டி.' கீழே 'சரி', 'முடியாது' என்ற இரண்டு பொத்தான்கள்.

"சரியான நச்சரிப்பு நைனா இவன்!"

கதவு திறந்தது. பச்சை அங்கியில் டாக்டர். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. ஒரு கையில் செல்போன்.

"பெரியவரே, ரெடியா? பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

குரலைக் கேட்டதும் சின்னசாமி மகனை முழங்கையால் இடித்தார். "டேய், எழுந்து நில்லு. அந்த ஆளுக்கு விட்டுக்குடுத்துட்டு போனை உள்ள வை. நல்ல காரியத்துக்குப் போற நேரம், யாரு வயித்தெரிச்சலும் வேணாம்."

ஸ்ரீஹரி எழுந்தான். அப்பாவின் சொல்லைத் தட்ட மனம் வராமல் 'சரி'யைத் தொட்டான்.

டிங்!

சத்தம் டாக்டரின் கையிலிருந்து வந்தது. குனிந்து பார்த்த அவர் முகம் சின்னப் பையனுடையது போல மலர்ந்தது.

"ஒக்க நிமிஷம்" என்று ஒரு விரலைக் காட்டிவிட்டு, ஏதோ வேகமாகத் தட்டினார். செல்போனை அங்கிக்குள் போட்டுக்கொண்டார். சின்னசாமியின் தோளைப் பிடித்து, ஆபரேஷன் தியேட்டர் பக்கம் தானே நடத்திக்கொண்டு போனார்.

ஸ்ரீஹரியின் உள்ளங்கையில் செல்போன் அதிர்ந்தது.

'தாங்க்ஸ் அண்ணா! சின்ன வேலை ஒண்ணு இருக்கு, சட்டுனு முடிச்சிட்டு வந்துடறேன். ஆட்டத்தை விட்டுட்டுப் போயிடாதீங்க. – கருடா.'