சத்தம் போடும் படகு

"ஏங்க, போயும் போயும் இந்தத் தகரத்துலயா உட்காரப் போறீங்க?"

படகுக் கடையின் நடுவில் நின்று மனைவி கேட்டாள். கேட்டது கணவரை. அவர் பூட்டுக் கடைக்காரர். பதிலுக்கு முந்திக்கொண்டது விற்பனையாளர்.

"தகரம் இல்லம்மா, அலுமினியம். துரு பிடிக்காது. ஆனா மீன் பிடிக்கன்னா நான் ஃபைபரைத்தான் சொல்லுவேன். தண்ணியில வழுக்கிக்கிட்டுப் போகும். சத்தமே வராது. பாருங்க."

ஃபைபர் படகை ஒரு தட்டுத் தட்டினார். தலையணையைத் தட்டியதுபோல் இருந்தது. அலுமினியப் படகைத் தட்டினார். கடையே அதிர்ந்தது.

பூட்டுக் கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஃபைபர் படகுக்குள் போட்டார். தொப். எடுத்து அலுமினியப் படகுக்குள் போட்டார். கணீர். இன்னொரு முறை அதன் மூலையில் போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதையே கொடுங்க."

"சத்தம் போடற படகாப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் நீங்கதான் சார். மீன் ஓடிடும்."

"எங்க ஓடும்? ஏரிக்குள்ளதானே?"

மனைவி விற்பனையாளரைத் தனியே அழைத்தாள். "ஃபைபர் விலை ஜாஸ்தியோ? அதான் யோசிக்கிறாரா?"

"அது போன வருஷத்துப் படகும்மா. ரெண்டுக்கும் ஒரே விலை போட்டுத் தர்றேன்."

அவள் திரும்பி வந்தாள். "ஒரே விலையாம். இப்ப என்ன சொல்றீங்க?"

"அலுமினியம்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. விற்பனையாளர் முன்னால் அடக்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககூடப் படகுல வரப்போறது யாரு? எங்க அண்ணன். அவனுக்குச் சத்தம் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே? நான் மிக்ஸி போட்டாலே எழுந்து மாடிக்குப் போயிடுவான்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வாங்கறீங்க. போன மாசம் ரெண்டு பேரும் வாடகைப் படகுல போயிட்டு, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தீங்க. அன்னையிலேர்ந்து அவன் நம்ம வீட்டுப் பக்கமே வரலை. என்ன சண்டைன்னு கேட்டா ஆளுக்கொரு பக்கம் பார்க்கறீங்க."

"சண்டை ஒண்ணும் இல்லை."

"அப்ப எதுக்கு வேணும்னே இந்த டமாரத்தை வாங்கறீங்க?"

ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷன், தான் வாயை மூடிக்கொண்டால் மூடிக்கொண்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, படகு ஏரியில் இறங்கியது. அண்ணனும் வந்திருந்தார். தங்கையும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

"உங்களைத் தனியா விட்டா ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட்டுக்குவீங்க. நடுவுல நான் உட்கார்றேன்."

முன்னால் அண்ணன், பின்னால் துடுப்போடு பூட்டுக் கடைக்காரர். அலை வந்து தட்டும்போதெல்லாம் படகு மத்தளம் வாசித்தது.

"கேட்டியாண்ணா கூத்தை? கடையில தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே."

"நல்லாத்தானே இருக்கு."

"உனக்குத்தான் சத்தமே ஆகாதே."

"இது பரவாயில்லை."

அண்ணன் மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துப் பேசுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. முள்ளைக் கழற்றும்போது கைநழுவி விழுந்து, தடதடவென்று படகெங்கும் துள்ளியது. அவள் காலைத் தூக்கிக்கொண்டாள். பூட்டுக் கடைக்காரர் துடுப்பை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகம் ஏரியைப் பார்த்தபடியே இருந்தது. கை மட்டும் பின்னால் வந்து, அமுக்கென்று மீனைப் பிடித்தது.

"பலே மச்சான்," என்றார் பூட்டுக் கடைக்காரர்.

"எப்படிண்ணா, பார்க்காமலே பிடிக்கறே?" என்று சிரித்தாள் அவள். சிரித்த வேகத்தில் பிளாஸ்க் மூடி கையிலிருந்து விழுந்து உருண்டோடியது. அண்ணன் குனிந்து, பலகைக்கு அடியிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

அவளிடம் இல்லை. அவளுக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றுக்கு.

"அண்ணா, நான் இங்க இருக்கேன்."

கை அவள் பக்கம் நகர்ந்தது. மூடியை வாங்கிக்கொண்டு அவள் அண்ணனின் முகத்தையே பார்த்தாள்.

"சரி, இனி மறைச்சு என்ன ஆகப்போகுது," என்றார் அண்ணன். குரலில் வருத்தம் இல்லை. "கண்ணு நடுவுல ஒரே புகையா இருக்கும்மா. டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். போன மாசம் அந்த வாடகைப் படகுல, எது எங்க கிடக்குன்னு தெரியாம தூண்டில் பெட்டியை மிதிச்சுத் தண்ணிக்குள்ள போகப் பார்த்தேன். மாப்பிள்ளைதான் இடுப்பைப் பிடிச்சு இழுத்துப் போட்டார். நீ கேட்டா பதறிப்போவேன்னு, உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். உன் எதிரே வந்தா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு வீட்டுக்கும் வரலை. மீன் பிடிக்க இனிமே வரவே மாட்டேன்னும் சொல்லிட்டேன்."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் தூண்டில் நூலில் இல்லாத சிக்கலை மும்முரமாக எடுத்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"வரமாட்டேன்னு சொன்னவன், இப்ப எப்படி வந்தே?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

"மறுவாரமே போன் பண்ணினாரே. 'மச்சான், எது எங்க விழுந்தாலும் தானே சத்தம் போட்டுச் சொல்ற மாதிரி ஒரு படகு பார்த்துக்கிட்டிருக்கேன். வாங்கற வரைக்கும் வீட்டுல திட்டு வாங்கிக்கிறேன், நீங்க வந்து ஏறிக்கிட்டாப் போதும்'னார்."