போட்டிக்கு மெலிந்த ஊர்

"தம்பி, என்ரை தாலிக்கொடி பதினொரு பவுண். அதைக் கழிச்சுப்போட்டு எழுதுங்கோ," என்றபடி குணலட்சுமி நிறை பார்க்கும் மெசினில் ஏறி நின்றாள். காப்புகளை ஏற்கெனவே கழற்றி வாசிகசாலை மேசையில் வைத்திருந்தாள்.

"எழுபத்தொண்டு," என்றான் சிவதர்ஷன். உடற்பருமன் தடுப்புத் திட்டம் பலன் தந்ததா என்று பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். போன வருடப் பதிவில் எழுபத்தாறு என்று இருந்தது. அவன் முகம் சுருங்கியது.

குணலட்சுமிக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது.

போன வருடம் இவளின் ஊரையும் மச்சாள் தவமலர் இருக்கும் பக்கத்து ஊரையும் ஒரே கிழமையில்தான் நிறை பார்த்தார்கள். இரண்டு ஊரையும் நிறை பார்த்தால் அது போட்டியில்லாமல் வேறென்ன? ஆனால் பாய், சப்பாத்து, உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு ரீச்சர் என்று எல்லாம் மச்சாளின் ஊரில் போய் இறங்கின. இங்கே ஒரு துண்டுப்பிரசுரம்கூட வரவில்லை. அந்தப் புதுச் சப்பாத்தோடு மச்சாள் அச்சுவேலிச் சந்தைக்கு வந்து நின்றபோது குணலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதில் தோற்றால் மச்சாள் வீட்டுக் கலியாணத்தில் தலைகாட்ட முடியுமா? அன்றைக்கே ஊர்ப் பெண்களைத் திரட்டினாள். விடிய ஐந்து மணிக்கு நடை, சீனியில்லாத தேத்தண்ணீர், குரக்கன் புட்டு. பிறந்தநாள் வீடுகளில் எண்ணெயில் பொரித்த இரண்டாவது ரோல்ஸுக்கு நீண்ட கைகளை அவளே தட்டிவிட்டாள். பெற்ற மகள் கையையும் விடவில்லை.

வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக மெசினில் ஏறி இறங்கினார்கள். எல்லோருக்கும் குறைந்திருந்தது. சிவதர்ஷனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"அன்ரி, உங்களை ஆர் நடக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்களாத்தான் நடந்தனாங்கள். நீங்கள் எங்களை எட்டியும் பாக்கேல்லையே!"

"எல்லாருமோ?"

"ஓம், முப்பத்திரண்டு பேரும். மாரி மழையிலையும் குடை பிடிச்சு நடந்த படம் இருக்கு. காட்டட்டோ?"

"வேண்டாம் அன்ரி," என்று அவன் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தான். யாரோ ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குணலட்சுமி குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தவமலரின்ரை ஆக்கள் எவ்வளவு குறைஞ்சவை?"

"ஆளுக்கு ஒண்டரைக் கிலோ வரும்."

"நாங்கள்?"

"நாலு."

வாசிகசாலை கைதட்டலில் அதிர்ந்தது. குணலட்சுமிக்குக் கண் கலங்கியே விட்டது. ஒரு வருடமாக வாயைக் கட்டியது வீண் போகவில்லை.

"அப்ப வெண்டது நாங்கள்தானே! பரிசு எப்ப தருவியள் தம்பி?"

சிவதர்ஷன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்டும் செய்யாமல் விட்டால் ஒரு ஊர் எவ்வளவு உடம்பு வைக்கும் எண்டு பாக்கத்தான் அன்ரி, உங்கடை ஊரைத் தெரிவு செய்தனாங்கள்!"