முதல் புகார்

"இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்க பேசணும் அக்கா. முதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க."

ஸ்ரீநிதி நீட்டிய போத்தலைத் தேனுஜா வாங்கிக்கொண்டாள். மண்டபத்தில் கதிரைகள் நிரம்பிக்கொண்டிருந்தன.

ஸ்டுட்கார்ட் நகரப் பள்ளிக்குழுவில் பெற்றோருக்கென்று இருப்பது ஒரே ஓர் இடம். அதற்கு இருவர் போட்டி. ஒருவர் வழக்கறிஞர் வைட்மன், ஏற்கெனவே இரண்டு முறை வென்றவர். மற்றவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தேனுஜா. பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் பிரதிநிதிகள் இன்னும் சற்று நேரத்தில் வாக்களிக்கப் போகிறார்கள்.

"எனக்கு இது ஏலாது ஸ்ரீநிதி. அந்த மனுசன் கோர்ட்டிலை வாதாடுற ஆள். நான் இருமல் மருந்து விக்கிறனான். நீங்களே நிண்டிருக்கலாம்."

"என் ஜெர்மனுக்கு பேக்கரியில பிரெட் வாங்கறதே கஷ்டம். நீங்க இங்கயே படிச்சு வளர்ந்தவங்க. நீங்கதான் பேசணும் அக்கா. வேற யார் பேசியும் பிரயோஜனமில்லை."

வசந்தகாலத்தில் தேனுஜாவின் மகனுடைய பள்ளியில் நடந்த ஒரு பெற்றோர் கூட்டத்தில்தான் ஸ்ரீநிதி அறிமுகமானாள். கோயம்புத்தூர்க்காரி. கார் கம்பெனியில் இன்ஜினியர். மகன் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. அன்று தேனுஜாவைத் தேடி வந்து கையைப் பிடித்தவள் பிறகு விடவேயில்லை. தேர்தலில் நிற்க வைத்தாள், துண்டுப் பிரசுரம் அச்சடித்தாள், தன் காரிலேயே பள்ளி பள்ளியாகக் கூட்டிப்போனாள். "வீட்டுக்கு வாங்கோவன், ஒரு பிடி சாப்பிட்டுப் போகலாம்" என்று எத்தனை முறை அழைத்தாலும் வாசலோடு திரும்பிவிடுவாள். கூச்சக்காரி என்று தேனுஜா நினைத்துக்கொண்டாள்.

மேடையில் எதைப் பேசுவது என்பதும் ஸ்ரீநிதி கொடுத்ததுதான். அவளுக்குத் தெரிந்த ஒரு சின்னப் பையனின் கதை. எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. பெரிய மாணவர்கள் சிலர் அவனைக் கழிப்பறைக்குள் தள்ளி, அவன் சாப்பாட்டை அவன் தலையிலேயே கொட்டி, நாய்போல் குரைக்கச் சொல்லிக் கைபேசியில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். படத்தில் செய்தவர்களின் முகம் தெரியவில்லை என்று பள்ளி கைவிரித்துவிட்டது. பையன் இப்போது யாரிடமும் பேசுவதில்லை; அவனுக்கு வேறு பள்ளி தேடுகிறார்கள்.

அதைக் கேட்ட அன்று தேனுஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அந்தப் பிள்ளையின்ர தாய் இதை எப்பிடித் தாங்குறா?"

"தாங்கிட்டிருக்கா அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்ரீநிதி காரைக் கிளப்பினாள்.

முதலில் வைட்மன் பேசினார். புதிய கட்டடங்கள், ஆசிரியர் பற்றாக்குறை என்று அளந்து பேசி உட்கார்ந்தார். பிறகு தேனுஜா எழுந்து அந்தப் பையனின் கதையைச் சொன்னாள். இப்படிச் செய்பவர்களைப் பள்ளியை விட்டே அனுப்ப வேண்டும் என்று முடித்தாள்.

வைட்மன் மறுபடி எழுந்தார். "வருத்தமான விஷயம்தான். ஆனால் விடலைப் பருவத்து விளையாட்டுக்கெல்லாம் பள்ளியை விட்டு அனுப்பினால், செய்த மாணவனின் எதிர்காலம் என்ன ஆகும்?"

தேனுஜா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"விளையாட்டா? அடி வாங்கிய பிள்ளை வேறு பள்ளி தேடுகிறான். செய்தவன் அதே பள்ளியில் சிரித்துக்கொண்டு திரிகிறான். இனிமேல் வெளியே போக வேண்டியவன் செய்தவன்தான். அவன் யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி. நான் வந்தால் என் முதல் வேலை இதுதான். உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்."

பின்வரிசையில் தொடங்கிய கைதட்டல் மண்டபம் முழுவதும் பரவியது.

வாக்கு எண்ணி முடிந்தபோது தேனுஜாவால் நம்ப முடியவில்லை. நிறைய வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தாள். வைட்மனே வந்து கைகுலுக்கினார். உடனே வீட்டுக்கு அழைத்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் கவிஷன்தான் எடுத்தான்.

"அம்மா, வெண்டிட்டியளா? எனக்குத் தெரியும், நீங்கள் வெல்லுவியள்!"

கூட்டம் கலைந்தது. ஸ்ரீநிதி மட்டும் கடைசிக் கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தேனுஜா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"வெண்டிட்டம் ஸ்ரீநிதி! என்ன இது, ஏன் அழுறீங்கள்?"

"அந்தப் பையன் என் பிரணவ்தான் அக்கா."

தேனுஜா அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கட மகனா? ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை? ஆர் செய்தது? பேரைச் சொல்லுங்கோ. நாளைக்கே அவனை..."

ஸ்ரீநிதி கைபேசியை எடுத்து அந்தப் படத்தை ஓடவிட்டாள். வெள்ளைத் தரை. சிதறிய சோறு. முழந்தாளிட்ட ஒரு பிள்ளையின் விம்மல். சுற்றிலும் ஜெர்மன் மொழியில் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே, படம் எடுப்பவனின் குரல் மட்டும் தமிழில் வந்தது.

"இன்னும் வடிவாக் குரையடா!"

சற்று முன் தொலைபேசியில் கேட்ட அதே குரல்.

தேனுஜா வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்ரீநிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"அன்னிக்கே உங்க வீட்டுக் கதவைத் தட்டியிருந்தா, கவிஷனோட அம்மாதான் வந்து திறந்திருப்பாங்க. அதனாலதான் அக்கா, முதல்ல உங்களை ஜெயிக்க வெச்சேன்."