பட்டியலில் முதல் ஓட்டல்

'சென்னையில் கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்து ஓட்டல்கள்' என்று போனில் பார்த்துவிட்டு, முதல் ஓட்டலுக்கே மாமனாரை அழைத்து வந்திருந்தாள் சுடர்விழி.

வயல் நத்தை வறுவலை வாயில் போட்டதுமே ஓய்வுபெற்ற நீதிபதி மருதையனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இலையிலேயே துப்பினார்.

"த்தூ! இதை மனுசன் திம்பானா?"

சுடர்விழியின் முகம் சுண்டிப்போயிற்று. மேனேஜர் ஓடி வந்தார்.

"சாரி சார். இது டெல்டா பக்கம் கூலிக்காரங்க திங்கிறது. ஒங்கள மாதிரி பெரிய எடத்துக்குப் பழக்கமிருக்காது."

"எந்தப் பெரிய எடம்? கீழ்வேளூர்ல நடவுக்குப் போன எங்கம்மா மடியில கட்டிக்கிட்டு வந்த நத்தையைத் தின்னு வளர்ந்தவன்யா நான். ஒரு நாள் பூரா தண்ணியில போட்டு, அது சேறு கக்கினப்புறந்தான் அடுப்புல ஏத்துவாங்க. நீ சேத்தோட வறுத்துட்டு, கூலிக்காரன் திங்கிறதுங்கிற! எங்க தெருவுல இதை நாய்கூட மோந்து பாக்காது."