நாற்பது சலாம்

"சலாமுங்க, கிராணி ஐயா!"

மலாயாவில், கோத்தா திங்கித் தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஊற்றிவிட்டுக் கூலிகளின் குடியிருப்பான லயத்துக்குத் திரும்புகிற ஆட்கள், பகல் இரண்டு மணி வெயிலில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வைத்தியலிங்கத்தின் வீட்டு வாசலில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக நெற்றியில் கை வைத்தார்கள்.

சாய்வு நாற்காலியில் கிடந்த கிராணியாருக்கு உச்சி குளிர்ந்தது. வாதம் அடித்து வலது பக்கம் விழுந்து ஒரு மாதம். இன்னும் இரண்டு மாதத்தில் வலது கை பேனா பிடிக்காவிட்டால் வேலையும் போகும், இந்த வீடும் போகும் என்று பெரிய துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பாத்தியே சத்தியபாமா? நான் விழுந்தாலும் என்ர மதிப்பு விழேல்லை!" என்றார் மனைவியிடம், கோணிய வாயால்.

"ஓமோம்" என்றாள் அவள்.

ஒரே ஒரு தொல்லை. பதில் சலாம் வரும்வரை ஒருவரும் கையை இறக்குவதாயில்லை. பதினைந்து வருஷத்தில் ஒரு கூலிக்கும் பதில் சலாம் போட்டறியாத மகாராஜா, போனால் போகிறதென்று முதல் நாள் இடது கையைத் தூக்கினார்.

"ஐயையோ, இடது கையால வேணாமுங்க! எங்களுக்கு ஆகாது" என்று பதறினாள் வரிசையில் முதலாவதாக நின்ற வெள்ளையம்மா.

ஆகாதாமே! வலது கையை முக்கி முனகி மடியிலிருந்து இரண்டு விரற்கடை தூக்கினார். அப்புறம்தான் அவள் நகர்ந்தாள். அடுத்த ஆள் வந்தான். இப்படி நாற்பது பேர், தினமும்.

மடி, மார்பு, மோவாய் என்று கை ஏற ஏற, கிராணியாரின் கர்வமும் ஏறியது. ஒரு நாள் கை நெற்றியைத் தொட்டது. மறு வாரம் துரை முன்னால் கையெழுத்தே போட்டுவிட்டார். வேலை தப்பியது.

அடுத்த நாள் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். நாற்பது பேரும் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

கிராணியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய் அய்யாவு! எங்கையடா சலாம்?"

அய்யாவு வாளியை இறக்கி வைத்தான்.

"அதான் கை நல்லாயிருச்சேங்க. நாப்பது தடவ கைய தூக்கி எறக்கச் சொன்ன ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெசர, 'போய்க் கூலிக்குச் சொல்லு'ன்னு வெரட்டிட்டீங்களாமே? அம்மா லயத்துக்கு வந்து அழுதாங்க. அதான் நாங்க நாப்பது பேரும்..."

கிராணியார் உள்ளே திரும்பிப் பார்த்தார். சத்தியபாமா மும்முரமாக அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல மதிப்படா என்ர மதிப்பு!" தன்னை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. சட்டென்று நின்றும் போனது. "சலாம் போடேல்லை எண்டு உன்னை ஒருநாள் முழுக்க வெயில்ல நிக்க வைச்சனான் எல்லோ? ஏனடா நீயும் வந்தனி?"

அய்யாவு தலையைச் சொறிந்தான்.

"கடைசி ஆளு ரொம்ப நேரம் வெயில்ல நிக்கணுமேங்க. எனக்குத்தான் அது பழக்கமாச்சேன்னு, தெனம் என்னையக் கடைசியா நிறுத்தினாங்க."